சிறுபான்மை இயங்குதளங்களில் உலாவிச் செருகுநிரல்கள்

உலாவிச் செருகுநிரல் என்பது, இணைய உலாவி தானாகக் காட்ட இயலாத அசைபடம், காணொளி, ஜாவா குறுஞ்செயலி போன்றவற்றை அதனுள் இயக்குவதற்காகத் தனியே நிறுவப்படும் மென்பொருள் ஆகும். அடோபி பிளாஷ், ஜாவா, மைக்ரோசாப்ட் சில்வர்லைட் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. விண்டோஸில் எளிதாகக் கிடைத்த இவை, பயனர் குறைந்த லினக்ஸ், ஃபிரீபிஎஸ்டி போன்ற இயங்குதளங்களில் தாமதமாகவோ பழைய பதிப்பாகவோ கிடைத்தன. சில கிடைக்கவே இல்லை.

காரணம்

ஒரு பிளாஷ் கோப்பு எல்லாக் கணினிக்கும் பொதுவானது. அதை இயக்கும் செருகுநிரல் அப்படியன்று. ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் செயலி வகைக்கும் அதைத் தனித்தனியாகத் தொகுக்க வேண்டும். 32 பிட் செருகுநிரலை 64 பிட் உலாவி நேரடியாக ஏற்காது. மூலநிரல் மூடப்பட்டிருந்தால் தயாரித்த நிறுவனத்தைத் தவிர வேறு எவரும் இவ்வேலையைச் செய்ய முடியாது.

தமிழ்நாட்டில்

சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளியானது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவி வழங்கப்பட்டது.

அடுத்த ஆண்டே அடோபி, லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் போன்ற உலாவிகளுக்குப் பிளாஷ் 11.2 தான் கடைசிப் பதிப்பு என்றும், இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்றும் அறிவித்தது. புதிய பதிப்புகள் குரோம் உலாவி வழியாகவே கிடைத்தன. இதனால் ஒரே மடிக்கணினியில் விண்டோஸில் இயங்கும் பிளாஷ் பாடம், லினக்ஸுக்கு மாறியதும் இயங்காமல் போகக்கூடிய நிலை உருவானது. 2016-இல் அடோபி இம்முடிவை மாற்றிக்கொண்டது.

மாற்று முயற்சிகள்

திறமூல ஆர்வலர்கள் பிளாஷுக்கு நிகராக நாஷ், சில்வர்லைட்டுக்கு நிகராக மூன்லைட் ஆகியவற்றை உருவாக்கினர். நாஷ் புதிய பிளாஷ் கோப்புகளை முழுமையாக இயக்கவில்லை. மூன்லைட்டால் நகல் தடுப்புக் கொண்ட காணொளிகளைக் காட்ட முடியவில்லை. அதன் பணி 2012-இல் நின்றது. ஃபிரீபிஎஸ்டி பயனர்கள் லினக்ஸ் செருகுநிரலையே ஓர் இணக்க அடுக்கின் மூலம் இயக்கினர்.

முடிவும் தொடர்ச்சியும்

2014-இல் எச்டிஎம்எல்5 தரநிலையானது. காணொளியும் அசைபடமும் உலாவியின் பகுதியாகவே ஆயின. குரோம் 2015-இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2017-இலும் பழைய வகைச் செருகுநிரல்களை நீக்கின. ஃபயர்ஃபாக்ஸ் பிளாஷுக்கு மட்டும் சில காலம் விலக்களித்தது. 2020 டிசம்பர் 31 அன்று பிளாஷுக்கான ஆதரவு முடிந்தது. பழைய பிளாஷ் பாடங்களை இன்று ரஃபிள் என்ற திறமூல மென்பொருள் மூலம் பெருமளவு திறக்கலாம். இது உலாவிக்குள்ளேயே இயங்குவதால் இயங்குதளம் எதுவாயினும் தடையில்லை.

எனினும் சிக்கல் முற்றிலும் தீரவில்லை. கட்டணத் திரைப்படத் தளங்கள் பயன்படுத்தும் வைட்வைன் என்ற நகல் தடுப்புக் கூறு மூடிய மூலநிரலைக் கொண்டது. அது வழங்கப்படாத இயங்குதளத்தில், உலாவி எவ்வளவு புதியதாயினும் அத்தகைய காணொளி ஓடாது.