நாடக வழக்கும் உலகியல் வழக்கும்: ரியாலிட்டி நிகழ்ச்சிகள் மறுமுறை காட்டுவன

சிங்கப்பூரின் மேற்கு எல்லையில் உள்ளது துவாஸ். கிழக்கு மேற்கு ரயில் தடம் 2017 ஜூன் 18 அன்று அங்குள்ள துவாஸ் லிங்க் நிலையம் வரை நீண்டது. அதற்கு ஒரு வாரம் கழித்து, ஜூன் 25 அன்று, விஜய் தொலைக்காட்சியில் 'பிக்பாஸ்' தமிழில் தொடங்கிற்று. இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் கப்பல் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் உழைத்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்க்கு, கைப்பேசியில் ஓடும் இத்தகைய நிகழ்ச்சிகளே இரவுப் பொழுதின் துணை. முடிவு தெரிந்த பின்னரும் பழைய தொடர்களை மீண்டும் காண்போர் உளர். முதன்முறை புலப்படாத எது மறுமுறை புலப்படுகின்றது? தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க வினா இது.

நடிகர் அல்லாத மக்களைத் திரையில் காட்டும் வழக்கம் புதியதன்று. 1948இல் அமெரிக்காவில் ஆலன் ஃபண்ட் தொடங்கிய 'கேண்டிட் கேமரா' அறியாதாரை ஏமாற்றி அவர்தம் வியப்பைப் படம் பிடித்தது. 1973இல் 'அன் அமெரிக்கன் ஃபேமிலி' என்னும் தொடர் கலிபோர்னியக் குடும்பம் ஒன்றின் அன்றாட வாழ்வைப் பன்னிரண்டு பகுதிகளாகக் காட்டியது. அதற்கென எடுத்த படம் ஏறத்தாழ 300 மணி நேரம்; மக்கள் கண்டதோ 12 மணி நேரம். தங்கள் வாழ்வின் தீயதையே தேர்ந்தெடுத்துத் தொகுத்துவிட்டனர் என்று அக்குடும்பத்தார் குறைபட்டனர். காட்டியது பொய்யன்று; காட்டாதது மிகுதி. இவ்வகை நிகழ்ச்சிகளைப் பற்றி இன்றுவரை எழும் வழக்கின் வேர் இதுவே. 1999இல் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' பிறந்தது. வீடு ஒன்றில் மக்களை அடைத்து, இரவும் பகலும் கேமராவின் கண்ணில் வைக்கும் முறை அங்கிருந்து உலகெங்கும் பரவிற்று.

தமிழில் இந்நிகழ்ச்சிகள் வந்த வழி வேறு. சன் தொலைக்காட்சியில் விசு நடத்திய 'அரட்டை அரங்கம்' ஊர் ஊராகச் சென்று எளிய மக்களின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தது. 'சப்தஸ்வரங்கள்' பாடத் தெரிந்தவரைத் தேடியது. 2006இல் விஜய் தொலைக்காட்சியின் 'சூப்பர் சிங்கர்' வந்தது. சிங்கப்பூரில் 'வசந்தம் ஸ்டார்' இளம்பாடகரைத் தேடியது; 2005இல் அதில் வென்ற ஷபீர் பின்னாளில் 'சகா' என்னும் தமிழ்த் திரைப்படத்துக்கு இசையமைத்தார். இவற்றிலெல்லாம் மேடைக்கு வந்தது ஒருவரின் திறன். அவர் வீட்டில் எவ்வாறு சினந்தார், எவ்வாறு அழுதார் என்பது பெரிதும் திரைக்கு அப்பாலே நின்றது.

பின்னர் நிலை மாறியது. பாட்டுப் போட்டியிலேயே பாட்டைவிடப் பாடுவோரின் குடும்பத் துயரும், நடுவரின் கண்ணீரும் மிகுதியான நேரத்தைக் கொண்டன. 'பிக்பாஸ்' வந்தபோது பாட்டும் பேச்சும் வேண்டாவாயின. மனிதரின் இயல்பே போட்டிப் பொருளாயிற்று. திறனைக் காட்டிய மேடை போய், குணத்தைக் காட்டும் வீடு வந்தது. இதுவே இவ்வகை நிகழ்ச்சிகள் அடைந்த பெருமாற்றம்.

இம்மாற்றத்தை அளந்து பார்க்கத் தமிழரிடம் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. அகப்பாடலின் நெறி நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்தது என்றார் தொல்காப்பியர். புனைந்துரைப்பது ஒன்று, உலகில் நடப்பது மற்றொன்று. இரண்டும் கலக்கும்போது அவர் ஒரு காவலும் வைத்தார்: அன்பின் ஐந்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறுதல் கூடாது. தலைவன், தலைவி, தோழி என்பனவே போதும். உள்ளத்தின் மறைவான நிலையை ஊரறியப் பாடலாம். உடையவர் இன்னார் என்று ஊர் அறிதல் ஆகாது. ரியாலிட்டி நிகழ்ச்சியும் இவ்விரு வழக்கின் கலப்பே. அழுகை உலகியல், அதனை எந்த இசையோடு, எந்த முகத்துக்குப் பின் வைப்பது என்பது நாடகம். ஆனால் இங்கே அந்தக் காவல் இல்லை. முதலில் வருவதே பெயர்தான்.

இதன் விளைவை மறுகாட்சியே நன்கு உணர்த்தும். முதல் 'பிக்பாஸ்' தொடரில் மக்களின் பேரன்பைப் பெற்ற ஓவியா 2017 ஆகஸ்டில் இடையிலேயே வெளியேறினார். அதை அறிந்தபின் முந்தைய நாள்களை மீண்டும் காண்போர்க்கு, அன்று சிரிப்பூட்டிய காட்சிகள் சிரிப்பூட்டுவதில்லை. முதன்முறை 'யார் வெல்வார்?' என்று கேட்ட உள்ளம், மறுமுறை 'இவரை இந்நிலையில் நாம் ஏன் பார்த்துக்கொண்டிருந்தோம்?' என்று கேட்கின்றது.

துவாஸில் வாழ்வோர்க்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. 2020 ஏப்ரலில் கொவிட் நோய் பரவியபோது சிங்கப்பூரின் தங்குவிடுதிகளில் இருந்த தொழிலாளர்கள் வெளியே செல்லாதவாறு தடுக்கப்பட்டனர். அந்நிலை பல மாதம் நீடித்தது. அவ்வாண்டு அக்டோபரில் 'பிக்பாஸ்' நான்காம் தொடர் தொடங்கியது. வீட்டில் அடைபட்டோர் இசைந்து சென்றவர். முடியும் நாளும் அறிந்தவர். விடுதியில் அடைபட்டோர்க்கு அவ்விரண்டும் இல்லை. அடைபட்ட வாழ்வு ஒருவர்க்கு ஆட்டம், ஒருவர்க்கு வாழ்க்கை. 'உள்ளதைக் காட்டுகின்றோம்' என்னும் கலை, உள்ளதில் எவ்வளவு சிறு பகுதியைக் காட்டுகின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

சிங்கப்பூரில் தாய்மொழி வாய்மொழித் தேர்வில் ஒளிக்காட்சி கண்டு உரையாடும் பகுதி உண்டு. ஆகவே காட்சியைப் படிக்கும் பயிற்சியும் தமிழாசிரியரின் கடமையாகின்றது. பழைய நிகழ்ச்சியின் ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை முதலில் ஒலியின்றியும், பின்னர் ஒலியுடனும் மாணவர்க்குக் காட்டலாம். இசை சேர்ந்ததும் மாறிய பொருள் யாது, ஒருவர் பேசும்போது யாருடைய முகம் காட்டப்பட்டது, பேச்சு எங்கே வெட்டுண்டது என்று கேட்கலாம். உலகியல் எது, நாடகம் எது என்று அவர்களே பிரித்துக் காண்பர்.

செய்யுளை மறுமுறை படிப்பவனுக்கே அதன் பொருள் விளங்கும் என்று வகுப்பறையில் சொல்லி வருகின்றோம். திரைக்கும் அது பொருந்தும். முதன்முறை காண்பவன் சுவைஞன். மறுமுறை காண்பவனே ஆராய்பவன். அவ்வாறு ஆராயப் பழகிய மாணவன், பிறர் கண்ணீரைக் கண்டு சிரிக்குமுன் ஒரு கணம் தயங்குவான். அத்தயக்கமே கல்வியின் பயன்.