டிம்மில் ஒரு பக்கம் மட்டும் எரிந்தால்

"டிம்ல ஒரு பக்கம்தான் எரியுதுண்ணே. பிரைட் போட்டா ரெண்டும் எரியுது. அப்ப பல்பு நல்லாத்தானே இருக்கு? வயரிங்ல கோளாறா?" திருத்தணி டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி கேட்டார். பழைய வேகன்ஆர் வைத்திருக்கிறார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கும் சொல்கிறேன்.

வயரிங்கை விடுங்கள். அந்தப் பல்பு பாதி உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். அந்த மாதிரி வண்டிகளில் வருவது எச்4 என்கிற ஹாலஜன் பல்பு. ஐரோப்பாவில் 1971-ல் வந்த வடிவம், இன்னமும் நம் ஊர்க் கார்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள், பின்னால் மூன்று தகட்டுக் கால்கள். ஒரு கால் இரண்டுக்கும் பொது, மற்ற இரண்டும் ஆளுக்கொன்று. ஊருக்குள் எந்நேரமும் டிம்மில்தான் ஓட்டுகிறோம். அதனால் டிம் இழைதான் முதலில் அறுந்துபோகும். பிரைட் இழை முழுசாக இருக்கும்.

புதுப் பல்பை வெளிச்சத்தில் பிடித்து ஒரு தரம் உற்றுப் பாருங்கள். முனைப் பக்கம் இருக்கும் இழைக்கு அடியில் மட்டும் ஒரு சின்ன உலோகத் தகடு வளைந்து நிற்கும். அதுதான் டிம், 55 வாட். பின்னால் மறைப்பில்லாமல் இருப்பது பிரைட், 60 வாட். காற்றில் அகல் விளக்கைக் கொண்டுபோகும்போது ஒரு பக்கம் கையால் மறைக்கிறோமே, அந்த வேலையைத்தான் அந்தத் தகடு செய்கிறது. கீழ்ப்பக்கம் போகும் ஒளியை அது நிறுத்திவிடுகிறது. மேல்பக்கம் போகும் ஒளி மட்டும் டூமின், அதாவது பல்பைச் சுற்றியிருக்கும் பளபளப்பான கிண்ணத்தின், மேல்பாதியில் பட்டு, சாலையைப் பார்த்துக் கீழே இறங்குகிறது. எதிரே வருபவர் கண்வரை ஒளி ஏறாமல் காப்பது விரல் நகம் அளவுள்ள அந்தத் தகடுதான்.

தம்பியின் வண்டி ஓடத்தான் செய்கிறது. ஆனால் ஒரு பக்கம் இருட்டாக இருக்கிறதே என்று அவர் ராத்திரியில் பிரைட்டிலேயே போகிறார். எனக்குப் பொறுக்காதது அதுதான். நம் சாலை எப்படிப்பட்டது? சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் நெடுஞ்சாலை. பொன்பாடி தாண்டினால் ஆந்திரா, நகரி. ஆடிக் கிருத்திகை வந்தால் காவடி தூக்கிக்கொண்டு சனங்கள் வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடக்கிறார்கள். டிசம்பர் 31 ராத்திரி படித்திருவிழாவுக்கு முருகன் மலைக்கோயிலின் 365 படி ஏற வருகிற கூட்டம் வேறு. கரும்பு வெட்டு நேரத்தில் திருவாலங்காடு ஆலைக்குப் போகும் டிராக்டர்கள், பல நேரம் பின்விளக்கே இல்லாமல். பிரைட்டில் கண் கூசிய ஓட்டுநர் அடுத்த சில நொடிகள் குருடர்தான். அந்தச் சில நொடிக்குள் சாலையோரம் யார் நடந்துகொண்டிருப்பார்களோ.

சட்டத்திலும் இதற்கு அளவு இருக்கிறது. 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் வலப்பக்கமாக, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவர் கண் இருந்தால் அது கூசக் கூடாது. ஒன்றரை மீட்டர் என்பது ஏறக்குறைய நடந்து வருகிறவரின் கண் உயரம். இந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காவடிக்காரர்தான் நினைவுக்கு வருகிறார்.

சரி, பல்பு வாங்கப் போகலாம். பழைய பல்பின் உலோக அடியில் '12வி 60/55வா' என்று பொறித்திருக்கும், அதையே கேளுங்கள். வெளிச்சம் பிரமாதமாக இருக்கும் என்று 100/90 வாட் பல்பை எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம். 60 வாட்டுக்கு 5 ஆம்பியர் போகிற வயரில் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பல்பின் பின்னால் வயரை மாட்டும் கப்ளரின் காலில் பிறக்கும் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். கப்ளர் உருகும், டூமுக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சு மங்கும். ஹாலஜனுக்காகச் செய்த டூமில் மலிவான எல்இடி பல்பைச் செருகுவதும் அப்படித்தான். இழை இருக்க வேண்டிய இடத்தில் அதன் சில்லுகள் சரியாக உட்காராததால், வெளிச்சம் கண்டபடி சிதறி எதிராளியின் முகத்தில் அடிக்கும். உள்ளே இருப்பவருக்கு வெள்ளை வெளேரென்று அழகாகத் தெரியும் என்பதால்தான் அது இவ்வளவு விற்கிறது. முடிந்தால் இரண்டு பல்பாக வாங்குங்கள். ஒன்றாக உழைத்தவை, மற்றதும் அதிக நாள் தாங்காது.

மாற்றுவதற்கு ஸ்பேனர்கூட வேண்டியதில்லை. வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, கால் மணி நேரம் ஆற விடுங்கள். பானட்டைத் தூக்கினால் டூமின் முதுகில் மூன்று வயர் போகும் கப்ளர் தெரியும். வயரைப் பிடித்து இழுக்காமல் கப்ளரைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துக் கழற்றுங்கள். அதற்குள் வட்டமான ரப்பர் மூடி. அதன் காதைப் பிடித்து உரித்தால், பல்பை அமுக்கிப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப் தெரியும். முதல் தடவை செய்கிறவர்கள் தடுமாறுவது இந்தக் கிளிப்பில்தான். அதை மேலே இழுத்தால் வராது. முதலில் உள்ளே அமுக்கி, பிறகு பக்கவாட்டில் நகர்த்தினால் கொக்கியிலிருந்து விடுபடும். பேட்டரி இருக்கும் பக்கம் கை நுழைய இடம் இருக்காது. கண்ணால் பார்க்க முடியாவிட்டால் போனில் ஒரு படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுப் பல்பின் கண்ணாடியைத் தொடாதீர்கள். எல்லோரும் சொல்வதுதான், ஏன் என்று தெரிந்தால் கை தானாகவே விலகும். எரியும்போது இழையிலிருந்து டங்ஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். பழைய காலத்துப் பல்புகளில் அது கண்ணாடியில் படிந்து கறுத்துவிடும். ஹாலஜன் பல்புக்குள் இருக்கும் அயோடின் அல்லது புரோமின் வாயு அந்த ஆவியைப் பிடித்து மறுபடி இழையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அது நடக்கக் கண்ணாடி 250 டிகிரிக்கு மேல் கொதிக்க வேண்டும், அதனால்தான் குவார்ட்ஸில் செய்கிறார்கள். அந்தச் சூட்டில் விரலின் வியர்வை உப்பும் எண்ணெயும் பட்ட இடம் வெந்து வெளுக்கும். அங்கே சூடு கூடி, கண்ணாடி உப்பி, சீக்கிரமே பல்பு போய்விடும், சில நேரம் வெடிக்கவும் செய்யும். உலோக அடியைப் பிடியுங்கள், அல்லது சுத்தமான துணியால் பிடியுங்கள். கை பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள்.

அடித்தட்டில் மூன்று காதுகள் இருக்கும், ஒன்று மட்டும் அகலம். பழைய பல்பு எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம் வைத்தால்தான் ஆடாமல் படியும். கோணலாக வைத்துக் கிளிப்பை அமுக்கினாலும் சில டூம்களில் மாட்டிவிடும். விளக்கும் எரியும், டிம்மே பிரைட் மாதிரி மேலே பாயும். ரப்பர் மூடியைச் சுற்றிலும் இறுக்கமாகப் பொருத்துங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் டூமுக்குள் தண்ணீர் கோக்கும்.

எரிந்ததும் வேலை முடிந்தது என்று பானட்டைச் சாத்திவிடாதீர்கள். மலையை ஒட்டிய தெருக்கள் சரிவு, அதனால் வண்டியும் சுவரும் ஒரே மட்டத்தில் இருக்கிற இடமாகப் பார்த்து, சுவருக்கு 5 மீட்டர் முன்னால் நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சம் சட்டென்று முடிகிற கோடு தெரியும். அது விளக்கின் மையத்தைவிட ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தாழ்ந்து, இடப்பக்கம் மட்டும் லேசாக ஏறியிருக்க வேண்டும். ஓரத்தில் நடக்கிறவர்கள் தெரியட்டும் என்றுதான் அந்த ஏற்றம். பழைய பக்கத்துக் கோடும் புதுப் பக்கத்துக் கோடும் ஒரே மாதிரி இருந்தால் நிம்மதி. ஒன்று கலங்கியோ உயர்ந்தோ தெரிந்தால் பல்பு சரியாக உட்காரவில்லை, கழற்றி மறுபடி வையுங்கள்.

ஸ்டீயரிங் பக்கம் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு உருளை சில வண்டிகளில் இருக்கும். குடும்பமே ஏறி டிக்கியும் நிறைந்தால் பின்புறம் தாழ்ந்து, முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். சுமைக்குத் தக்கபடி எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் இறங்கும். திருப்பதிக்குக் கிளம்புகிறவர்களில் அதைத் தொடுகிறவர்கள் ரொம்பக் குறைவு.

புதுப் பல்பு போட்டும் எரியவில்லையென்றால் முதலில் பியூஸைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போயிருந்தால் பியூஸ், ரிலே, சுவிட்சு இவற்றில் ஒன்றுதான். கப்ளரின் உள்பக்கம் பழுத்துப் பழுப்பாகவோ, உருகியோ இருந்தால் டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள். ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் காட்டிப் புதுக் கப்ளர் போட்டுவிடுங்கள், பெரிய செலவில்லை. அதுவரை ராத்திரி ஓட்டத்தைத் தள்ளிவையுங்கள்.