பரணில் உறங்கும் கடிதங்களும் தபால் தலைச் சேகரிப்பும்

வந்த கடிதங்களை ஒரு கம்பியில் குத்தி உத்தரத்தில் மாட்டி வைக்கும் வழக்கம் நம் கிராமத்து வீடுகளில் நெடுங்காலம் இருந்து வந்தது. கம்பி நிறைந்ததும் அக்கட்டு பரணுக்கோ மரப்பெட்டிக்கோ போய்ச் சேரும். பிறகு ஒரு போகிப் பண்டிகையன்று வீட்டை ஒழிக்கும்போது தீயில் இடப்படும். அன்றேல் பழைய தாள் வாங்குவோரின் தராசில் ஏறும். அவ்வாறு அழிந்தவற்றுள் நல்ல விலைக்குப் போகக்கூடிய உறைகள் எத்தனையோ இருந்திருக்கும். தபால் தலை சேகரிப்பதைப் பட்டணத்துப் பிள்ளைகளின் விளையாட்டு என்று நாம் எண்ணுகிறோம். அதற்கு வேண்டிய அரிய பொருள் நம் பரணில் இருக்கக்கூடும் என்பதை நினைப்பதில்லை.

உலகின் முதல் தபால் தலை இங்கிலாந்தில் 1840 ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. கறுப்பு நிறத்தில் விக்டோரியா அரசியின் தலை பொறித்த ஒரு பென்னித் தலை அது. நம் நாட்டில் 1852 இல் சிந்து மாகாணத்திலும், 1854 இல் நாடு முழுமைக்கும் தபால் தலைகள் வந்தன. இவற்றுள் இங்கிலாந்தின் கறுப்புத் தலையே மிக மூத்தது. ஆயினும் மிக அரியது அதுவன்று. ஏறத்தாழ 6 கோடியே 88 இலட்சம் தலைகள் அச்சிடப்பட்டமையால், இன்றும் அது வணிகர்களிடம் கிடைக்கிறது. மாறாக, 1948 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள் வெளிவந்த காந்தியடிகள் தலைகளுள், அரசாங்க உபயோகத்திற்கென மேலச்சுப் பெற்ற பத்து ரூபாய்த் தலை 100 மட்டுமே அச்சாயிற்று என்பர். அவற்றுள் நான்கு இணைந்த ஒரு துண்டு 2017 இல் ஐந்து இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. ஆகவே பழமை மட்டும் விலையை நிர்ணயிப்பதில்லை. எத்தனை எஞ்சியுள்ளன, எந்நிலையில் உள்ளன, எத்தனை பேர் அவற்றை நாடுகின்றனர் என்னும் மூன்றும் சேர்ந்தே விலையாகின்றன.

இனி நம் பரணுக்கு வருவோம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்று பொருளீட்டியோர் தமிழ்நாட்டில் ஏராளம். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோரும் பலர். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களே நாம் முதலில் தேட வேண்டியவை. பர்மா 1937 ஆம் ஆண்டு மார்ச்சு முடிய இந்தியாவோடு இணைந்திருந்தது. அதனால் அதற்கு முன் இரங்கூனிலிருந்து வந்த உறைகளில் இந்தியத் தலையே இருக்கும். முத்திரையைப் படித்தால்தான் அது பர்மாவில் ஒட்டியது எனத் தெரியும். 1937 இல் அதே இந்தியத் தலைகளின்மீது பர்மா என்று ஆங்கிலத்தில் மேலச்சிட்டு வழங்கினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து உறைகளில் தணிக்கை அதிகாரியின் முத்திரையும், பிரித்துப் பார்த்து ஒட்டிய சீட்டும் காணப்படும். ஜப்பானியர் ஆட்சியில் இருந்தபோது மலேயாவில் புழங்கிய தலைகளில் அவர்களுடைய எழுத்து மேலச்சாக இருக்கும். குமரி மாவட்டத்தாரும் செங்கோட்டைப் பக்கத்தாரும் வேறொன்றையும் தேடலாம்: 1888 முதல் திருவிதாங்கூர் அரசு தன் அஞ்சலுக்கென வெளியிட்ட, சங்குச் சின்னம் பொறித்த தலைகள்.

இத்தகைய உறை கிடைத்தால் செய்யத் தகாதது ஒன்று உண்டு. தலையைக் கிழித்தோ நனைத்தோ எடுத்துவிடலாகாது. எங்கே எழுதியது, எந்த நாளில் புறப்பட்டது, எவ்வழியே வந்தது என்பனவற்றைச் சொல்வன முத்திரைகளும் முகவரியும் ஆகும். உறையும் தலையும் முத்திரையும் ஒன்றாக இருக்கும்போது நல்ல விலை பெறும் பொருள், தலையை மட்டும் பிரித்தெடுத்தால் சில ரூபாய்க்கும் போகாமற் போகலாம். சிறுவர்கள் ஆசையினால் இதனைத்தான் முதலில் செய்துவிடுகின்றனர்! கம்பி துளைத்த உறையின் மதிப்புச் சற்றுக் குறையும். எனினும் அதனை எறிந்துவிட வேண்டுவதில்லை. பசை நாடா ஒட்டிச் செப்பனிடுவதும் மெழுகுத்தாளிட்டு அழுத்துவதும் தீங்கே தரும். மற்றும் ஒன்று. விற்குமுன் கடிதத்தைப் படித்துப் பாருங்கள். பாட்டனார் இரங்கூனிலிருந்து எழுதிய வரிகள் குடும்பத்திற்கே உரியவை என்று தோன்றினால், வைத்துக்கொள்வதே முறை என்பது நம் கருத்து.

சாதாரணத் தலைகளைப் பிரிப்பது எளிது. தாளோடு கத்தரித்துக் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் மிதக்க விட்டால் தானே கழன்றுவரும். ஈரத்தோடு விரலால் பிடிக்காமல் சாமணத்தால் எடுத்து, ஒற்றுத்தாளில் கவிழ்த்து உலர்த்த வேண்டும். ஓரத்துப் பற்களில் ஒன்று போனாலும் மதிப்புப் போயிற்று. மழைக்காலத்து ஈரமும் இராமபாணப் பூச்சியும் இப்பொழுதுபோக்கின் பகைகள். தொகுப்பேட்டைப் படுக்க வைக்காமல், காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைப்பது நலம்.

வருமானம் எவ்வளவு என்பீர்கள். உழவுக்கும் கறவைக்கும் ஈடாக இதனைக் கருதுவோர் ஏமாறுவர். பெரும்பாலான தலைகள் கோடிக்கணக்கில் அச்சானவை. அவை நூறு நூறாகக் கட்டி மலிவாக விற்கப்படுபவை. புதிதாக வெளிவரும் நினைவுத் தலைகளை விலையேறும் என்று வாங்கிக் குவிப்பதும் பெரும்பாலும் பயன் தராது. 1960 களிலிருந்து சில வளைகுடாச் சிற்றரசுகளின் பெயரால் வெளிவந்த பெரிய வண்ணத் தலைகள் கண்ணைக் கவரும். சந்தையில் அவற்றுக்கு மதிப்பு மிகச் சொற்பம்.

ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நேரான பயன் ஒன்று உண்டு. தபால் தலை சேகரிப்பில் ஈடுபாடுள்ள 6 முதல் 9 வரையிலான வகுப்பு மாணவர்களுக்கென, தீனதயாள் ஸ்பர்ஷ் என்னும் உதவித்தொகைத் திட்டத்தை அஞ்சல் துறை 2017 இல் தொடங்கியது. தேர்வு பெறுவோர்க்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. பள்ளியில் தபால் தலைச் சங்கம் இருக்க வேண்டும். இல்லையேல் மாணவர் தம் பெயரில் தபால் தலை வைப்புக் கணக்குத் தொடங்கியிருக்க வேண்டும். அவ்வாண்டு அறிவிப்பைத் தலைமை அஞ்சலகத்தில் கேட்டறியலாம். கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால் இத்தகைய சங்கம் அமைப்பதற்குச் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

பழைய உறைகளை விற்க விரும்புவோர் கட்டோடு எடைக்கு விற்றல் கூடாது. முதலில் அவற்றை ஊர்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் பிரித்து ஒரு பட்டியல் எழுதிக்கொள்க. முன்னும் பின்னும் படம் எடுத்து, ஒருவருக்கு இருவராக வணிகரிடமும், பட்டணத்துச் சேகரிப்போர் சங்கத்தாரிடமும் காட்டி விலை கேளுங்கள். முதலில் கேட்டவரே அவசரப்படுத்தினால், மற்றவர் விடை வரும்வரை உறைகளைக் கைவிட வேண்டாம்.