ஒளி காட்டும் ஒற்றன்

கலங்கல் தண்ணீரைத் தேற்றாங்கொட்டை தெளிய வைத்துவிடும். கண்ணுக்கும் நாக்குக்கும் அகப்படாமல் கரைந்து கிடக்கும் பாதரசத்தை என்ன செய்வது?

ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு கடலோர ஊர். அங்கே முதலில் பூனைகள் தள்ளாடி, வலிப்புக் கண்டு விழுந்தன. 1956-ல் குழந்தைகளுக்கும் அதே கதி! ரசாயனத் தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம், மீன் வழியே அடுக்களைக்கு வந்திருந்தது. காரணம் இன்னதென்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று.

அத்தனை வருஷம் காத்திராமல் விஷத்தைக் கண்டுகொள்ள, விஞ்ஞானிகள் இப்போது தண்ணீருக்குள் ஒற்றனை அனுப்புகிறார்கள். 'ரோடமின்' என்ற சாயத்தைச் சற்றே மாற்றி, ஒளிராதபடி பூட்டி வைக்கிறார்கள். பாதரசம் தொட்டதும் பூட்டுத் திறக்கிறது. நிறமற்றிருந்த நீர் ரோஜா நிறமாகிறது; புற ஊதா விளக்கில் ஆரஞ்சாய் ஜொலிக்கிறது! செம்பும் இரும்பும் சில சமயம் இந்த ஒற்றனை ஏமாற்றிவிடுவதுண்டு. ஆகவே சோதனைச்சாலையின் பெரிய யந்திரத்துக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.