கிழங்கு வந்த வழி – 9
இலைக்கு மார்க், கிழங்குக்குப் பாயிண்ட்

காசிமேட்டில் மீன் ஏலம் ஓயும் நேரத்தில் ஐஸ் பெட்டி தூக்கியவர்கள் வந்து நிற்கும் தள்ளுவண்டி ஒன்று உண்டு. உப்பும் மஞ்சள்தூளும் போட்டு அவித்த மரவள்ளிக்கிழங்கு. மேலே ஒரு கரண்டி மீன் குழம்பு. "இன்னிக்கு கெயங்கு சின்னதா கீது கண்ணு, கோச்சுக்காத" என்று சாக்கைப் பிரித்துக் காட்டினார் வண்டிக்கார அக்கா. விரல் பருமன்தான் இருந்தது. தண்ணீர் போதாவிட்டாலும் கிழங்கு மெலியும். ஆனாலும் மெலிந்த கிழங்கைக் கண்டால், 'செடியில் தேமல் நோய் இருந்திருக்குமோ?' என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

மீனுக்கும் இந்தக் கிழங்குக்கும் பழைய உறவு. 1943-இல் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கிய மாணிக்கம் செட்டியார், மீன் வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்தவர். இன்று சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தத் தொழிலின் அடிமடியிலேயே கைவைப்பதுதான் தேமல் நோய்.

இலையில் பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாகப் படரும். இலை சுருங்கி ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். செடி சாகாது. அதுதான் ஆபத்து. சாகாத செடியின் குச்சியை வெட்டி அடுத்த பட்டத்துக்குக் கரணையாக நடுகிறோம். வைரஸும் கூடவே நடப்படுகிறது. மிச்ச வேலையை வெள்ளை ஈ பார்த்துக்கொள்கிறது.

நோயைத் தாங்கும் ரகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்திலும், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலும் பல காலமாக நடக்கும் வேலை இது. சோதனைச் செடிகளுக்கு நடுவே நோய் கண்ட செடிகளை வேண்டுமென்றே நட்டு, வெள்ளை ஈக்கு வழிவிடுவார்கள். பிறகு செடி செடியாக இலையைப் பார்த்து மார்க். சுத்தமான இலைக்கு 1. முறுக்கிச் சிறுத்ததற்கு 5. ஈ கடிக்காததால் தப்பிய செடியை 'தாங்கியது' என்று எழுதிவிடக் கூடாதே! அதனால் நோயுள்ள குச்சியோடு ஒட்டுக்கட்டியும் பார்ப்பார்கள். வெளியே தெரியாமல் உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று ஆய்வகத்திலும் சோதிப்பார்கள்.

தாங்கும் குணத்தைத் தேடியவர்கள் முதலில் போனது மரவள்ளியின் காட்டு உறவினரிடம். 1930-களில் ஆப்பிரிக்காவின் தாங்கனிக்காவில், அமானி நிலையத்தில், மரவள்ளியை ஒருவகை ரப்பர் மரத்தோடு கலந்தார்கள். பின்னாளில் நைஜீரியாவிலிருந்து இங்கே வந்த, நோயைத் தாங்கும் ஒரு வரிசைதான் தமிழ்நாட்டுக்கென்று தேர்ந்தெடுத்த ஸ்ரீ பத்மநாபா ரகம்.

ஆனால் இலையில் 1 வாங்கினால் மட்டும் போதாது. ஜவ்வரிசி ஆலையில் விலை பேசுவது மாவுச்சத்துப் பாயிண்டில். பாயிண்ட் குறைந்தால், எவ்வளவு ஆரோக்கியமான செடியையும் விவசாயி நட மாட்டார். அவரைக் குறை சொல்வது அநியாயம். எட்டு, பத்து மாதம் காத்திருந்து எடுக்கும் கிழங்கு அது. ஆலைத் தராசையும் விவசாயியின் கணக்கையும் முதல் நாளிலிருந்தே சோதனை வயலுக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் அழுத்தியே சொல்வேன்.

அலட்சியத்துக்கு நேரமில்லை. இங்கே தேமலை உண்டாக்கும், இலங்கையின் பெயர் தாங்கிய வைரஸ் 2015-இல் கம்போடியாவில் தென்பட்டது. 2018-க்குள் வியட்நாம், தாய்லாந்து என்று பரவிவிட்டது. ஈயால் அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் பறக்க முடியாது. கட்டுக் கட்டாக லாரியில் போன கரணைதான் அதைச் சுமந்து போயிருக்கும்.

அந்தக் கரணைக் கட்டை யார் விற்கிறார்கள், யார் சோதிக்கிறார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)