உத்தியோகமும் ஊழியமும்: அரசாங்க ஊழியர், தொழிற்சங்கம் பற்றிய யாழ்ப்பாண மனோபாவம்

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்திற் பெருவழக்கான முதுமொழி. அரசாங்கம் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் ஊர்வாயிற் பட்டுக் ‘கோறணமேந்து’ ஆயிற்று. அரசாங்க வேலை மீதுள்ள ஆசையை நகையாடும் பகிடியாகவே பலர் இதனைக் கொள்வர். சற்று ஊன்றி நோக்குமிடத்து, செய்யப்படும் வேலை யாது என்பது இம்மொழியிற் சிறிதும் பொருட்படுத்தப்படவில்லை என்பது புலனாகும். எசமான் யார் என்பதே கேள்வி. உழைப்பினின்றும் உத்தியோகம் முற்றாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. அரசாங்க ஊழியரைப் போற்றும் அதே சமுதாயம் அவர்தம் தொழிற்சங்கத்தை ஏன் ஐயத்துடனும் சிலவேளை வெறுப்புடனும் நோக்குகின்றது என்ற வினாவுக்கு விடை இப்பிரிவினையிலேயே தேடப்பட வேண்டும் என்பது எமது கருத்து.

இம்மனோபாவம் இயற்கையாக முளைத்ததன்று. ஆறுகளற்ற, சுண்ணக்கல் நிலமான குடாநாட்டிலே சிறு துண்டு நிலங்களிற் கிணற்று நீர் இறைத்துச் செய்யும் தோட்டமே வாழ்வின் அடிப்படை. தலைமுறைதோறும் சீதனமாகப் பங்கிடப்பட்ட காணி மேலும் மேலும் துண்டுபட்டது. மறுபுறம், 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரி முதலாக ஆங்கிலக் கல்வி பரவிற்று. குடியேற்ற நிர்வாகத்திற்கு இலிகிதர் தேவைப்பட்டனர். யாழ்ப்பாணத்துக்கு வருமானம் தேவைப்பட்டது. கொழும்புக் கந்தோர்களுக்கும் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் இளைஞர் சென்றனர். 1905இல் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை வந்து சேர்ந்தமை இப்போக்கினை மேலும் விரைவுபடுத்தியது. ‘மணியோடர் பொருளாதாரம்’ என்ற தொடர் இவ்வாறுதான் வழக்கில் வந்தது.

உற்பத்தியோடு தொடர்பற்ற இவ்வருமானம் சமுதாயத்திற் சொத்தின் தன்மையைப் பெற்றது. உத்தியோக மாப்பிள்ளைக்குச் சீதனம் அதிகம் என்பதில் வியப்பொன்றுமில்லை. பென்சன் என்பது காணி உறுதியைப் போல மதிக்கப்பட்டது. சொத்துடையவர் தம்மைத் தொழிலாளியாகக் கருதுவதில்லை. பிறரும் அவரை அவ்வாறு கருதுவதில்லை. எஸ். பொன்னுத்துரையின் ‘சடங்கு’ (1966) கொழும்பிலிருந்து விடுமுறையில் வீடு வரும் எழுதுவினைஞர் ஒருவரின் சில நாட்களைக் கூறுவது. முற்போக்கு அணியினருக்கு அவரோடு இருந்த பிணக்கு யாவரும் அறிந்ததே. எனினும் உத்தியோகம் என்ற பெருமையின் அடியிற் கிடக்கும் வறட்சியை அந்நாவல் காட்டுமளவு எமது பிரகடன எழுத்துக்களிற் பல காட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஊரிலே ‘உத்தியோகத்தர்’ ஆகிய அம்மனிதர் கொழும்பிலே மாதச் சம்பளத்துக்குத் தமது உழைப்பை விற்று வாழும் ஊழியர். இவ்விரண்டாவது முகத்தை யாழ்ப்பாணம் காண விரும்பவில்லை.

மேற்காட்டிய முதுமொழி முழு உண்மையுமன்று. யாழ்ப்பாண மாநகர சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளியும் பொது நிதியிலிருந்தே ஊதியம் பெறுகின்றார். அவருடைய வேலையை உத்தியோகம் என எவரும் சொல்வதில்லை. அதை விரும்பிச் சீதனம் கொடுப்பவருமில்லை. எசமான் கோறணமேந்தாக இருந்தாலும், சாதியமைப்பு எவ்வேலையை இழிந்தது என ஒதுக்கியதோ அது இழிந்ததாகவே நின்றது. ஆகவே உத்தியோகத்தின் மதிப்பு அரசிடமிருந்து மாத்திரம் வந்ததன்று. மேனியிற் சேறு படாத வேலை என்ற வேளாள விழுமியமும் அதிற் கலந்துள்ளது. சுத்திகரிப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்யின் அது தொழிலாளர் போராட்டமாக உடனே விளங்கிக்கொள்ளப்படுவதும், எழுதுவினைஞரோ ஆசிரியரோ அதனைச் செய்யின் ‘இவர்களுக்கு என்ன குறை?’ எனக் கேட்கப்படுவதும் ஒரே நோக்கின் இரு பக்கங்கள்.

பொதுமக்களின் வெறுப்பு வெறும் பொறாமை எனத் தள்ளிவிடத்தக்கதுமன்று. தோட்டக்காரருக்கும் மீனவருக்கும் அரசு என்பது கச்சேரியின் யன்னலுக்குப் பின்னால் இருக்கும் முகமே. “நாளைக்கு வாங்கோ” என்ற சொல்லை அவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள். தமிழில் எழுதிய கடிதத்திற்குச் சிங்களத்தில் மறுமொழி வந்தபோது அதை நீட்டிய கையும் அரசாங்க ஊழியருடையதே. அச்சட்டத்தை ஆக்கியவர் அவரல்லர் என்பதை வரிசையில் நிற்பவர் எண்ணிப் பார்க்க வேண்டுமென எதிர்பார்ப்பது படித்தவர்களின் பேதைமை.

இனி, 1947ஆம் ஆண்டை நோக்குவோம். அரசாங்க ஊழியர் தொழிற்சங்க உரிமைகளை முழுமையாகப் பெற வேண்டுமென்ற கோரிக்கையை முன்வைத்து அரசாங்க எழுதுவினைஞர் சேவைச் சங்கம் அவ்வாண்டு மே மாத இறுதியில் வேலைநிறுத்தத்தில் இறங்கிற்று. அதன் தலைவர் ரி. பி. இலங்கரத்ன வேலையிழந்து பின்னர் அரசியலுக்கு வந்தார். பிற துறைத் தொழிலாளரும் சேர, அது பொது வேலைநிறுத்தமாயிற்று. யூன் 5ஆந் திகதி கொழும்பிலே ஊர்வலத்தின் மீது பொலிசார் சுட்டதில் கந்தசாமி என்ற அரசாங்க எழுதுவினைஞர் உயிரிழந்தார். இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றிலே தியாகியாகப் போற்றப்படும் அவர் ஒரு தமிழர். தெற்கின் தொழிற்சங்க மேடைகளிலே பேசப்பட்ட அப்பெயர் யாழ்ப்பாணத்தின் பொதுப் பிரக்ஞையில் அழுத்தமான இடத்தைப் பெறவில்லை. தியாகிகளை நினைவுகூர்வதில் எமது சமுதாயம் பின்தங்கியதன்று. எனினும் உத்தியோகத்தைத் தேடித்தந்த அரசுக்கு எதிராக, ஊழியனாக நின்று இறந்தவனை எவ்வரிசையில் வைப்பதென அதற்குத் தெரியவில்லை.

இம்மறதிக்கு ஒரு விலை உண்டு. அவ்வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த அதே யூன் மாதத்தில் அரசாங்க சபை பொதுசனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து, பாராளுமன்றச் சட்டங்களையும் மேவும் விதிகளை ஆக்கும் அதிகாரத்தை ஆட்சியாளர்க்கு அளித்தது இச்சட்டமே. எழுதுவினைஞரையும் தொழிலாளரையும் அடக்கப் பிறந்த இக்கருவி பின்னர் எங்கெல்லாம் திரும்பிற்று என்பதை யாழ்ப்பாணத்தார்க்குச் சொல்லத் தேவையில்லை. 1961 பெப்ரவரியிற் கச்சேரி வாயிலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் ஏப்பிரிலில் ஒடுக்கப்பட்டதும், 1979 யூலையில் யாழ்ப்பாணத்தில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டதும் அதன் கீழேயே. தொழிற்சங்க உரிமை கொழும்பு விவகாரம், தமிழுரிமையே எமது விவகாரம் என வேறுபடுத்திப் பார்த்தவர்கள் இத்தொடர்பைக் காணத் தவறினர்.

எனினும் தவறு முழுவதையும் யாழ்ப்பாணத்தின் தலையிற் சுமத்துவது நேர்மையாகாது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபின், சிங்களத் தேர்ச்சி இன்மையாற் சம்பள ஏற்றமும் பதவியும் இழக்கும் நிலை தமிழ் ஊழியருக்கு ஏற்பட்டது. ஓர் ஊழியனின் தொழில் உரிமையைப் பாதிக்கும் இதனைவிட நேரடியான பிரச்சினை வேறென்ன இருக்கமுடியும்? இதற்காகப் பொதுச் சங்கங்கள் முழுமூச்சுடன் போராடாதபோது தமிழ் எழுதுவினைஞர் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர். சமவுரிமைக்காகக் குரல் கொடுத்த சமசமாஜ, கம்யூனிஸ்ட் கட்சிகள் பின்னர் அந்நிலைப்பாட்டைக் கைவிட்டன. 1966 ஜனவரி 8ஆந் திகதி, தமிழின் நியாயமான உபயோகத்திற்கான விதிகளை எதிர்த்து சுதந்திரக் கட்சியுடன் இவ்விடதுசாரிக் கட்சிகள் நடாத்திய ஆர்ப்பாட்டத்தில் அவற்றின் தொழிற்சங்கங்களும் வேலைநிறுத்தத்திற்கு அழைக்கப்பட்டன. தொழிலாளரின் ஆயுதம் தமிழ்த் தொழிலாளரின் மொழிக்கெதிராகத் தூக்கப்பட்ட அந்நாளை மார்க்சியவாதிகளாகிய நாம் மெல்லக் கடந்து செல்லலாகாது. தொழிற்சங்கம் ‘அவர்களுடையது’ என்ற எண்ணம் யாழ்ப்பாணத்தில் வேரூன்ற அதுவும் ஒரு காரணம்.

1980 யூலை வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது இவ்வெண்ணம் முற்றியிருந்தது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையால் விலைவாசி உயர்ந்தது. பங்கீட்டரிசி முறைக்குப் பதிலாக 1979இல் உணவு முத்திரை வந்தது. மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கோரி அரச துறை ஊழியர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அதற்கு முன்னோடியான யூன் 5ஆந் திகதி எதிர்ப்பு நாளிலே சோமபால என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். கந்தசாமி வீழ்ந்ததும் முப்பத்து மூன்று ஆண்டுகளின் முன் அதே நாளில். அரசாங்கம் அவசரகால விதிகளைப் பயன்படுத்தி ஏறத்தாழ 40,000 பேரை வேலையினின்று நீக்கியது. அதே திறந்த பொருளாதாரம் இறக்குமதித் தடைகளை அகற்றியதனால் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட யாழ்ப்பாணத் தோட்டக்காரரும் நட்டமடைந்திருந்தனர். தோட்டக்காரரின் நலனும் வேலை இழந்த ஊழியரின் நலனும் ஒரே புள்ளியிற் சந்தித்தன. ஆனால் அச்சந்திப்பை அரசியலாக்க எவருமில்லை. தமிழ் அரசியலின் கவனம் அவ்வேளையில் மாவட்ட அபிவிருத்திச் சபைச் சட்டத்தின் மீதே குவிந்திருந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை தவிர்ந்த பெருந்தொழிற்றுறை குடாநாட்டில் இல்லாமை, ஊழியர்க்கும் ஏனைய உழைப்பாளர்க்கும் இடையே பாலமாகத்தக்க ஆலைத்தொழிலாள வர்க்கத்தின் வளர்ச்சியைக் குறுக்கியது. அத்தொழிற்சாலையும் 1990இற் போரால் நின்றுபோயிற்று.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணம் கடையடைப்பை, அதாவது ஹர்த்தாலை நன்கறியும். ஹர்த்தாலில் ஊரே ஒன்றாக நிற்கிறது. ஊழியருக்குச் சம்பள இழப்பும் பெரும்பாலும் இல்லை. அது இனத்தின் செயல். வேலைநிறுத்தமோ ஒரு வர்க்கத்தின் செயல். அது ஊருக்குள்ளேயே சம்பளம் பெறுவோரையும் பெறாதோரையும் பிரித்துக் காட்டுகின்றது. முன்னையதைத் தியாகமென்றும் பின்னையதைச் சுயநலமென்றும் கொள்ளும் போக்கு இதனால் எழுந்தது. போர் இப்போக்கினை வலுப்படுத்திற்று. 1990க்கும் 1995க்கும் இடையே குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோதும் அரசாங்க ஊழியருக்குக் கொழும்பிலிருந்து சம்பளம் வந்துகொண்டிருந்தது. மின்சாரமின்றி, பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த மக்களிடையே அச்சம்பளமே கடைத்தெருவில் ஓடிய காசின் கணிசமான பங்கு. அந்நாட்களில் சம்பளத்தைப் பற்றி முறையிட எவருக்கு வாய் வரும்?

போருக்குப் பின்னும் இம்மனோபாவம் மாறிற்றில்லை. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னே நாட்கணக்காக அமர்ந்திருந்தபோது அவர்களுக்கு அனுதாபம் இருந்தது. அவர்கள் கேட்டது உத்தியோகம். 24 ஆண்டுகால சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 யூலை 12 முதல் நாடெங்கும் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலினின்றும் விலகியபோது, பிள்ளைகளின் படிப்புக் கெடுகின்றதென்ற குரலே யாழ்ப்பாணத்தில் ஓங்கிற்று. பெற்றோரின் சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அப்படிப்பு எதற்காக? மீண்டும் ஓர் உத்தியோகத்திற்காகவே. வருங்கால ஊழியனை உருவாக்கும் வேலையில் இருப்பவர் தம் ஊதியத்தைக் கேட்பது அவனது வாய்ப்பிற்குக் குறுக்கே நிற்பதாகத் தோன்றியது.

2022இற் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, அரசாங்க ஊழியர் தொகை ஏறத்தாழ பதினைந்து இலட்சம், அதுவே நாட்டின் சுமை என்ற பிரசாரம் தெற்கிலும் வடக்கிலும் ஒருங்கே கேட்டது. கடனுக்கும் வரிச் சலுகைகளுக்கும் பொறுப்பானோர் அவ்விரைச்சலில் மறைந்தனர். அவ்வாண்டு மே 6ஆந் திகதி தொழிற்சங்கங்கள் நாடளாவிய ஹர்த்தாலை நடாத்தின. தெற்கோடு ஒப்பிடுகையில் யாழ்ப்பாணத்தின் பங்கு மெலிந்ததே. அன்று நள்ளிரவு முதல் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது, 1947ஆம் ஆண்டின் அதே கட்டளைச் சட்டத்தின் கீழ்.