குறி தவறிய கையை நம்பிய பஃபலோ

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை யாருக்கு, எப்போது எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுக்கும் ஆட்டக்காரர்தான் குவார்ட்டர்பேக். இன்று அந்த இடத்தில் கொடிகட்டிப் பறக்கும் பஃபலோ பில்ஸ் அணியின் ஜோஷ் ஆலன், 2024 பருவத்தின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை வென்றவர். அவர் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள்: திறமையைக் கண்டுகொள்ளாத தேர்வாளர்கள், கடைசியில் அவர்கள் முகத்தில் கரிபூசிய பையன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்வாளர்கள் அன்று பார்த்த ஆலன் உண்மையிலேயே அரைகுறை. இன்றைய ஆலன் எங்கும் ஒளிந்திருக்கவில்லை, பிறகு உருவானவர்.

கலிபோர்னியாவின் விவசாயச் சிற்றூரான ஃபயர்பாவில் பருத்தியும் முலாம்பழமும் விளையும் பண்ணைக் குடும்பம் அவருடையது. பள்ளியில் கூடைப்பந்து, பேஸ்பால் எல்லாம் ஆடினார். பயிற்சியாளர்கள் கண்ணில் படுவதற்கான கோடை முகாம்களில் அதிகம் தலைகாட்டவில்லை. உடம்பும் அப்போது ஒல்லி. 2014இல் பள்ளியை முடித்தபோது கல்லூரி ஆட்டத்தின் உச்ச மட்டமான முதல் டிவிஷனில் எந்தப் பல்கலைக்கழகமும் அழைக்கவில்லை, பக்கத்திலேயே இருந்த ஃப்ரெஸ்னோ ஸ்டேட் உட்பட. ரீட்லி என்ற சமுதாயக் கல்லூரியில் ஒரு பருவம் ஆடிவிட்டு, நாடெங்கும் பயிற்சியாளர்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களைத் தட்டினார். வயோமிங் பல்கலைக்கழகம் கதவைத் திறந்தது. அங்கும் 2015இல் இரண்டாவது ஆட்டத்திலேயே காரை எலும்பு முறிந்து பருவம் போனது. 2016இல் எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்க்கும் டச்டவுன் எறிதல்கள் 28 எறிந்தாலும், பத்து எறிதலில் ஆறு கூடச் சக ஆட்டக்காரர் கையில் சேரவில்லை.

தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2018இல் பஃபலோ, 12ஆம் இடத்திலிருந்து 7ஆம் இடத்துக்கு முன்னேற இரண்டாம் சுற்று வாய்ப்புகள் இரண்டைச் சேர்த்துக் கொடுத்து அவரை எடுத்தது. சூதாட்டம்தான். முதல் ஆண்டு எறிதல் துல்லியம் 52.8 சதவீதம், 10 டச்டவுன், எதிரணி கையில் சிக்கிய எறிதல்கள், அதாவது இன்டர்செப்ஷன், 12. அடுத்த ஆண்டு 58.8. மூன்றாம் ஆண்டான 2020இல் 69.2 சதவீதமும் 37 டச்டவுனும். துல்லியம் பிறவிக் குணம், கல்லூரியில் வராதது பிறகு வராது என்பது இந்த ஆட்டத்தில் வேதவாக்கு; அதை இந்த மூன்று எண்களும் உடைத்தன. இடையில் நடந்தது என்ன? காலை ஊன்றும் விதம், இடுப்பு திரும்பி முடிந்த பின்னரே கை வரும் வரிசை, பக்கத்தில் நிற்பவருக்கும் பீரங்கி வேகத்தில் எறியும் பழக்கம் என ஒவ்வொன்றாகச் செப்பனிட்டார்கள். முதல் நான்கு ஆண்டும் அதே தலைமைப் பயிற்சியாளர் ஷான் மெக்டர்மட், அதே தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் பிரையன் டேபல்.

2020இல் பந்து பிடிக்கும் ஆட்டக்காரர் ஸ்டெஃபான் டிக்ஸ் அணிக்கு வந்ததால்தான் எண்கள் ஏறின என்பார்கள். ஓரளவு உண்மை. அந்த ஆண்டு லீகிலேயே அதிகமாக 127 பந்துகளைப் பிடித்தவர் அவர். ஆனால் அவரைத் தேடிக் கொண்டுவந்ததும் அணி காட்டிய நம்பிக்கையின் பகுதிதானே? இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஆலனின் உயரமும் கைவலுவும் லட்சத்தில் ஒருவருக்கு வாய்ப்பவை, அதனால்தான் பொறுத்தார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் 2007இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜமார்க்கஸ் ரஸ்ஸலின் கையும் அதே ரகம். மூன்றே பருவத்தில் கதை முடிந்தது. உழைப்பில் அவர்மேல் குறை சொன்னவர்கள் உண்டு, பயிற்சியாளரும் நடுவில் மாறினார். ஆலனோடு அதே 2018இல் 10ஆவதாக எடுக்கப்பட்ட ஜோஷ் ரோசன், அப்போதே பக்குவப்பட்ட எறிவாளர் என்று பெயர் வாங்கியவர். அவரை எடுத்த அரிசோனா அணி ஒரே பருவத்தில் பயிற்சியாளரையும் அவரையும் மாற்றிவிட்டது. ரோசனுக்கும் பொறுமை கிடைத்திருந்தால் ஆலன் ஆகியிருப்பார் என்று சொல்ல வரவில்லை. பொறுமை மட்டும் போதாது. அது இல்லாமல் ஆலனும் இல்லை என்பதே என் வாதம்.

அந்தப் பொறுமைக்கு இப்போது கல்லூரிகளில் இடம் குறைந்துவருகிறது. 2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் ஓராண்டு காத்திராமலே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். ஆட்டக்காரர்களுக்கு அது நியாயமான உரிமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேறெங்கோ ஆடித் தேறிய இருபத்தொரு வயதுக்காரர் தயாராகக் கிடைக்கும்போது, காரை எலும்பு முறிந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சமுதாயக் கல்லூரிப் பையனுக்காக எந்தப் பயிற்சியாளர் இடம் வைத்திருப்பார்?